செயலாளர் ஆண்டறிக்கை: லீக், கணக்கு, அப்புறம் அந்த அரையிறுதி

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைத் தியாகம் செய்து வந்திருக்கும் அணி கேப்டன்களுக்கும், வராமல் வாட்ஸ்அப்பில் மட்டும் இதைப் படிக்கப்போகிறவர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ஐப்பசி மழையில் கிரவுண்டு குளமாவதற்குள் நம் கிரிக்கெட் லீக்கை முடித்துவிட்டோம். தைத்துத் தைத்து ஆடிக்கொண்டிருந்த பழைய பிட்ச் விரிப்புக்கு விடை கொடுத்துப் புது மேட் வாங்கியாகிவிட்டது, பணம் கொடுத்தவர் பெயர் வேண்டாம் என்று சொன்னதால் நன்றி மட்டும் இங்கே. அம்பயர்களின் படியைக் கொஞ்சம் உயர்த்தினோம், ஸ்கோரர்களுக்கு இன்னும் டீயும் வடையும்தான், அதை வரப்போகிற செயற்குழு கவனிக்கட்டும். பையன்களுக்கான கோடை முகாம் நன்றாக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி எல்லோரும் எதற்காக வந்தீர்களோ அந்த விஷயம்.

நேரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அரையிறுதி, கடைசி ஓவர், ஜெயிக்க நாலு ரன், கையில் ஒரே விக்கெட். பவுலர் ஓடி வந்தார், பந்து கையை விட்டுப் போகும் முன்பே, பவுலர் பக்கம் நிற்கும் பேட்ஸ்மேனான நான்-ஸ்ட்ரைக்கர் கிரீஸ் கோட்டை விட்டுக் கிளம்பிவிட்டதைப் பார்த்தார், நின்று ஸ்டம்ப் மேலிருந்த பெயில்ஸைத் தட்டிவிட்டு அப்பீல் செய்தார், அம்பயர் விரலைத் தூக்கினார். ஆட்டம் அதோடு முடிந்தது, சண்டை ஆரம்பித்தது. அம்பயரைச் சுற்றி நின்று நம் ஆட்கள் பேசிய பேச்சை அறிக்கையில் எழுத முடியாது. அவர் பைக்கை எடுக்கப் போனபோது இரண்டு டயரிலும் காற்று இல்லை.

அதற்கடுத்த வாரமே சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது, மூத்த உறுப்பினர்கள் சிலர் கையெழுத்துப் போட்டது. இப்போதைய தொழில்முறை கிரிக்கெட்டில் பெருந்தன்மை செத்துவிட்டது, ஐபிஎல் பார்த்து நம் பையன்களும் கெட்டுப்போகிறார்கள், ஆகவே நம் லீக்கிலாவது இப்படி நான்-ஸ்ட்ரைக்கரை ரன் அவுட் ஆக்கும் ‘மன்கட்’ அவுட்டைத் தடை செய்ய வேண்டும் என்பது கோரிக்கை. செயலாளர் கருத்தை எழுதித் தரும்படி செயற்குழு கேட்டது. இது என் கருத்து, ஒப்புக்கொள்ளாதவர்கள் கை தூக்கிப் பேசலாம்.

அந்தக் காலம் அவ்வளவு நல்ல காலமா என்பதில்தான் எனக்கு முதல் சந்தேகம். 1882 ஓவல் டெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள், இங்கிலாந்து-ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடருக்கு ஆஷஸ் என்ற பேச்சே அதிலிருந்துதான் பிறந்தது. பிட்சைத் தட்டிச் சரிசெய்யக் கிரீஸை விட்டு நகர்ந்த சாமி ஜோன்ஸ் என்ற இளம் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேனை, இங்கிலாந்தின் சாட்சாத் டபிள்யூ. ஜி. கிரேஸ் ரன் அவுட் செய்தார். அந்தக் கோபத்திலேயே ஆஸ்திரேலிய பவுலர் ஸ்போஃபோர்த் கடைசி இன்னிங்ஸில் 7 விக்கெட் எடுத்து, 7 ரன்னில் ஆஸ்திரேலியாவை ஜெயிக்க வைத்தார். 1932-33ல் ஆஸ்திரேலியாவில் இங்கிலாந்து கேப்டன் ஜார்டின் தன் வேகப்பந்து வீச்சாளர்களை உடம்பைக் குறிவைத்துப் போடச் சொன்னது இரண்டு நாட்டு உறவையே உலுக்கியது. 1980ல் நியூசிலாந்தின் டுனீடினில், அம்பயர் அவுட் தரவில்லை என்று வெஸ்ட் இண்டீஸின் மைக்கேல் ஹோல்டிங் ஸ்டம்பைக் காலால் உதைத்தார். அதே தொடரில் அதே அணியின் காலின் கிராஃப்ட் ஓடி வரும் வேகத்தில் அம்பயர் மேல் இடித்தார், இன்று அப்படிச் செய்தால் பல மேட்ச் வெளியே உட்கார வேண்டியதுதான். அடுத்த வருஷம் 1981 பிப்ரவரி 1, மெல்போர்ன், நியூசிலாந்து டை செய்யக் கடைசிப் பந்தில் சிக்ஸர் வேண்டும், ஆஸ்திரேலிய கேப்டன் கிரெக் சாப்பல் தன் தம்பி ட்ரெவரைப் பந்தைத் தரையோடு தரையாக உருட்டச் சொன்னார். இதெல்லாம் டிவியில் ஐபிஎல் ஏலம் பார்த்து வளர்ந்த தலைமுறை செய்தது இல்லை.

நல்லது நடக்கவே இல்லையா என்றால், நடந்தது. 1980ல் மும்பை பொன்விழா டெஸ்டில் அம்பயர் அவுட் கொடுத்த இங்கிலாந்தின் பாப் டெய்லரை நம் கேப்டன் குண்டப்பா விஸ்வநாத் திரும்ப ஆட அழைத்தார். டெய்லர் நின்று ஆடினார், போத்தம் சதம் அடித்தார், இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. 1987 உலகக் கோப்பையில், லாகூரில் கடைசிப் பந்து, பாகிஸ்தானின் கடைசி விக்கெட், முன்கூட்டியே கிளம்பிய சலீம் ஜாஃபரை வெஸ்ட் இண்டீஸ் பவுலர் கோர்ட்னி வால்ஷ் அவுட் ஆக்காமல் எச்சரித்து விட்டார். பாகிஸ்தான் ஜெயித்தது, வெஸ்ட் இண்டீஸ் அரையிறுதிக்கே போகவில்லை. கடிதம் எழுதியவர்கள் இந்த இரண்டையும் குறிப்பிட்டிருக்கிறார்கள், சரிதான். ஆனால் 2011ல் டிரெண்ட் பிரிட்ஜில் ரன் அவுட் ஆன இங்கிலாந்தின் இயன் பெல்லை டீ இடைவேளைக்குப் பின் தோனி திரும்ப ஆடவிட்டதையும், 2023 ஜனவரியில் குவஹாத்தியில் 98 ரன்னில் இருந்த இலங்கையின் தசுன் ஷனகாவை ஷமி ரன் அவுட் செய்தபோது ரோஹித் அப்பீலை வாபஸ் வாங்கியதையும் ஏன் விட்டுவிட்டார்கள்? ஷனகா சதம் அடித்துவிட்டுத்தான் போனார்.

மன்கட் விஷயத்துக்கு வருகிறேன். 1947 டிசம்பரில் சிட்னி டெஸ்டில் நம் வினூ மன்கட் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இப்படி அவுட் ஆக்கினார். அதே பயணத்தில் வேறொரு மேட்சிலும் அதே பிரவுனை அப்படியே ஆக்கியிருந்தார், அப்போது எச்சரிக்கையும் கொடுத்திருந்தார். எதிரணி கேப்டன் பிராட்மேனே மன்கட் செய்ததில் தவறில்லை என்று பின்னால் எழுதினார். இருந்தும் பெயர் கெட்டது யாருக்கு? திருட்டு ரன் எடுக்கப் பார்த்தவருக்கு இல்லை, பிடித்தவருக்கு. 2019ல் ஜெய்ப்பூரில் அஸ்வின் ஜோஸ் பட்லரை ஆக்கியபோதும் இதே கதை, உலகமே நம் ஊர்ப் பையனுக்கு நன்னடத்தை வகுப்பு எடுத்தது. 2022ல் கிரிக்கெட் விதிகளை எழுதும் லண்டன் கிளப்பான எம்சிசி இந்த அவுட்டை ‘நியாயமற்ற ஆட்டம்’ என்ற 41ஆம் விதியிலிருந்து எடுத்து, 38ஆம் விதியில் சாதாரண ரன் அவுட்டோடு சேர்த்துவிட்டது. அதே வருஷம் தமிழ்நாட்டு லீக்கான டிஎன்பிஎல்லில் பாபா அபராஜித் இப்படி அவுட் ஆக்கியதும், ஜெகதீசன் விரலைக் காட்டிவிட்டுப் போய்ப் பிறகு மன்னிப்புக் கேட்டார். அந்த மேட்சில் பண்பு தவறியது எந்த இடத்தில் என்று நீங்களே சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், இப்போது ‘ஆட்டத்தின் மாண்பு’ என்று கிளம்பும் சண்டைகளில் பாதி, விதியைப் படிக்காததால் வருவது. 2023 லார்ட்ஸில் பந்து இன்னும் ஆட்டத்தில் இருக்கும்போதே இங்கிலாந்தின் பேர்ஸ்டோ கிரீஸை விட்டு நடந்தார், ஆஸ்திரேலிய கீப்பர் அலெக்ஸ் கேரி ஸ்டம்பில் எறிந்தார். அவ்வளவுதான் நடந்தது. அதற்காக லார்ட்ஸ் பெவிலியனின் லாங் ரூமில் கோட்டும் டையும் கட்டிய எம்சிசி உறுப்பினர்கள் ஆஸ்திரேலிய வீரர்களைத் திட்டித் தீர்த்து, மூன்று பேர் சஸ்பெண்ட் ஆனார்கள். நம் கிரவுண்டில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கத்துகிறவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை போலிருக்கிறது!

எல்லாவற்றையும் விதி என்று சொல்லித் தப்பிக்கவும் நான் தயாரில்லை. 2023 உலகக் கோப்பையில் டெல்லியில் ஹெல்மெட் வார் அறுந்து நின்ற இலங்கையின் மேத்யூஸை, குறித்த நேரத்துக்குள் ஆடத் தயாராகவில்லை என்று வங்கதேச கேப்டன் ஷாகிப் ‘டைம்டு அவுட்’ கேட்டு அனுப்பினார், சர்வதேச கிரிக்கெட்டில் முதல் முறை. விதிப்படி சரிதான், அம்பயருக்கும் வேறு வழியில்லை. ஆனால் நான் கேப்டனாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன். கள்ள ரன் எடுக்கப் போகிறவன் ஆதாயம் தேடுகிறான், வார் அறுந்தவன் எந்த ஆதாயமும் தேடவில்லை. எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான், விதிப் புத்தகத்தில் இது இல்லை.

2025 ஜூலையில் மான்செஸ்டரில், மேட்ச் டிராதான் என்று ஆனபின் இங்கிலாந்து கேப்டன் ஸ்டோக்ஸ் கைகொடுக்க வந்தார், சதத்தை நெருங்கியிருந்த ஜடேஜாவும் வாஷிங்டன் சுந்தரும் மறுத்துவிட்டார்கள். ஸ்டோக்ஸ் முகம் சுளித்ததில் எனக்கு நியாயம் தெரியவில்லை, தோற்க வேண்டிய மேட்சை நாளின் பெரும்பகுதி நின்று காப்பாற்றியவர்கள் அவர்கள், வாஷிங்டனுக்கு அது முதல் டெஸ்ட் சதம், சென்னைக்காரர் என்பதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி. அடுத்த டெஸ்டிலேயே ஓவலில், தோள் விலகிய இங்கிலாந்தின் கிறிஸ் வோக்ஸ் ஒரு கையைக் கட்டுப் போட்டு ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு பதினோராவது ஆளாக இறங்கியபோது மைதானமே எழுந்து கைதட்டியது. இரண்டும் ஒரே தொடர்தான்.

ஆசியக் கோப்பையில் இந்தியாவும் பாகிஸ்தானும் கைகொடுக்காமல் போனதையும் கடிதத்தில் சேர்த்திருக்கிறார்கள். அது பவுண்டரிக் கோட்டுக்கு வெளியே இருந்து வந்த அரசியல், அதை இங்கே இழுத்தால் மதியச் சாப்பாடு ஆறிவிடும். ஒன்று மட்டும். 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில், சச்சின் 136 அடித்தும் 12 ரன்னில் தோற்று வயிறு எரிந்து நின்ற கூட்டம், ஜெயித்த பாகிஸ்தான் அணிக்கு எழுந்து நின்று கைதட்டியது. கார்கில் சண்டை அதற்குச் சில மாதம் கழித்து.

தொழில்முறை ஆட்டத்தில் காசு கூடியிருக்கிறது, ஆசையும் கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. 2010 லார்ட்ஸில் பாகிஸ்தான் பவுலர்கள் காசு வாங்கிக்கொண்டு நோ பால் போட்டார்கள், 2018 கேப்டவுனில் ஆஸ்திரேலியர்கள் உப்புத்தாள் வைத்துப் பந்தைத் தேய்த்தார்கள். ஆனால் அங்கே காவலும் கூடியிருக்கிறது. 1991-92லிருந்து மேட்ச் ரெஃப்ரி இருக்கிறார், எல்லா மூலையிலும் கேமரா, ஸ்டம்பில் மைக், அபராதம், தடை. உப்புத்தாளைப் பிடித்தது கேமராதான், ஸ்மித்தும் வார்னரும் ஒரு வருஷம் வெளியே உட்கார்ந்தார்கள். 2013ல் இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பிராட், பேட்டில் பட்டு ஸ்லிப் வரை போன எட்ஜுக்கும் நகராமல் நின்றார் என்று இன்றும் திட்டுகிறார்கள். அம்பயர் முடிவை டிவியில் மறுபடி பார்க்கச் சொல்ல ஆஸ்திரேலியாவிடம் அன்று ஒரு ரிவ்யூ மிச்சம் இருந்திருந்தால் அவர் மரியாதையாகப் போயிருப்பார்.

நம்மிடம் ரிவ்யூ கிடையாது, கேமராவும் கிடையாது, இருப்பது இரண்டு அம்பயர்கள் மட்டும், அவர்களிலும் ஒருவர் பல நாள் பேட்டிங் அணியிலிருந்து கடன் வாங்கிய ஆள். ஒன் பவுன்ஸ் பந்தைக் கேட்ச் என்று சத்தியம் செய்வது, எட்ஜ் வாங்கிவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பது, ஸ்கோர் புத்தகத்தில் ஒரு ரன்னைக் கூடச் சேர்ப்பது, இதற்கெல்லாம் ஐபிஎல்லைக் குற்றம் சொல்ல முடியாது. ஐபிஎல் வருவதற்கு முன்பிருந்தே நம் கிரவுண்டில் இவை உண்டு, கடிதத்தில் கையெழுத்துப் போட்ட அண்ணன்மார்களுக்கே தெரியும்.

எனவே செயற்குழுவின் பரிந்துரை இப்படி. மன்கட் அவுட்டுக்குத் தடை இல்லை, எச்சரிக்கையும் கட்டாயம் இல்லை, டாஸ் போடும்போது இரண்டு கேப்டன்களிடமும் அம்பயர் இதைச் சொல்லிவிடுவார். அப்பீலை வாபஸ் வாங்க வேண்டும் என்று ஃபீல்டிங் கேப்டனுக்குத் தோன்றினால், அம்பயர் சம்மதத்தோடு 31ஆம் விதிப்படி வாங்கிக்கொள்ளலாம், அதற்கு யாரும் அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. 2017லிருந்து இருக்கும் 42ஆம் விதியை இனி நம் லீக்கில் உண்மையாகவே பயன்படுத்தப் போகிறோம், அதாவது மோசமான நடத்தைக்கு எச்சரிக்கை, அதைத் தாண்டினால் 5 ரன் பெனால்டி, அதையும் தாண்டினால் சில ஓவர் வெளியே, அம்பயர் மேல் கை வைத்தாலோ வைக்கிறேன் என்று மிரட்டினாலோ அந்த மேட்ச் முழுக்க வெளியே. பார்க்க வந்தவர் செய்யும் அலப்பறைக்கு அவரை அழைத்து வந்த அணி பதில் சொல்ல வேண்டும். டயர் விவகாரத்தில் சம்பந்தப்பட்ட அணி அம்பயரிடம் நேரில் போய் வருத்தம் தெரிவித்துவிட்டது, ஆகவே அதற்கு மேல் நடவடிக்கை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அடுத்த சீசனில் அவர் நிற்பாரா என்பதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

பரிந்துரைகள் மீது சாப்பாட்டுக்கு முன்பே ஓட்டெடுப்பு. ஒரு அணிக்கு ஒரு ஓட்டு, சந்தா பாக்கி வைத்திருக்கும் அணிகள் பொருளாளரைப் பார்த்துவிட்டு வந்து உட்காரவும்.