எல்லாமே ‘செயற்கை சுவாசம்’ அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

குறைமாதக் குழந்தைகளைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் ‘செயற்கை சுவாசக் கருவி பொருத்தப்பட்டது’ என்றே போடுகிறீர்கள். அந்த ஒரு வார்த்தையால் நான் பட்ட பாடு இது.

போன ஐப்பசியில் என் மகளுக்கு 32 வாரத்திலேயே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பேரன் 1,600 கிராம். மூச்சுக்கு மூச்சு முனகல். நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தது. மகள் மயக்கத்தில். திருப்பூரிலிருந்து கிளம்பிய மருமகன் மழையில் குஞ்சப்பனையில் மாட்டிக்கொண்டார். கையெழுத்துப் போட நான் ஒருவன்தான். ‘மெஷின் வைக்கணும்’ என்றார்கள். 2021-இல் கொரோனாவில் வென்டிலேட்டருக்குப் போன என் அண்ணன் திரும்பவில்லை. மாட்டேன் என்றுவிட்டேன். முக்கால் மணி நேரம் அப்படியே போனது.

அப்புறம் ஒரு சிஸ்டர், “தாத்தா, இங்க வந்து பாருங்க” என்று வேறொரு குழந்தையிடம் கூட்டிப்போனார். மூக்கில் இரண்டு சின்னக் குழாய். அதன் மறுமுனை ஒரு பாட்டில் தண்ணீரில் 5 சென்டிமீட்டர் முங்கியிருக்க, உலை கொதிப்பதுபோல் குமிழி வந்துகொண்டிருந்தது. இதுதான் மெஷினாம்! பெயர் சி-பாப். குழந்தை தானாகத்தான் மூச்சு விடுகிறது. நுரையீரலின் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான பொருள் இந்தப் பிள்ளைகளுக்குப் போதுமான அளவு ஊறியிருக்காது. மூக்குக் குழாயில் வரும் காற்றுக்கு அந்தப் பாட்டில் தண்ணீரின் ஆழம் ஒரு அழுத்தம் கொடுக்கிறது. மூச்சை வெளியே விடும்போது பைகள் மூடிவிடாமல் இந்த அழுத்தம் தாங்கிப் பிடிக்கிறது. வென்டிலேட்டர் வேறு. அதில் மூச்சுக்குழாய்க்குள் குழாய் இறக்கி, இயந்திரமே ஊதும். நேரத்தோடு சி-பாப் வைத்தால் பல குழந்தைகளுக்கு அதுவரை போகவேண்டியதில்லை. சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

1971-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகோரி என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் பச்சிளங்குழந்தைகளுக்குக் கொண்டுவந்த முறையாம். நான் எட்டாவது படித்த வருஷம். எனக்குத் தெரிய இத்தனை காலம்!

பயம் போனதும், ஆக்சிஜனைக் கூட்டுங்கள் என்று நச்சரித்தேன். அளவு மீறினால் விழித்திரை கெட்டுவிடும் என்று சிஸ்டர் அதட்டினார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு திரையில் 95 சதவீதத்தைத் தாண்டினால் உடனே குறைத்தார்கள்.

நான்காம் நாள் குழாயை எடுத்தாயிற்று. இனி எழுதும்போது சி-பாப் எது, வென்டிலேட்டர் எது என்று பிரித்து எழுதுங்கள். அந்தக் குமிழி பாட்டிலை ஒரு படமும் போடுங்கள். இங்கே பச்சை இலை எடை போடும் இடத்தில் தினமும் உங்கள் பேப்பரைச் சத்தமாகப் படிப்பவன் நான்தான். பத்துப் பேராவது கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு தேயிலை விவசாயி,
கோத்தகிரி