லா ஒரோயாவுக்கு இன்னொரு கால நீட்டிப்பு வேண்டாம்

பெரு நாட்டின் சுகாதாரம், சுற்றுச்சூழல், எரிசக்தி மற்றும் சுரங்கத் துறை அமைச்சர்களுக்கு,

வணக்கம். லா ஒரோயா மக்கள் உங்கள் அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், அமெரிக்கக் கண்ட நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2023 நவம்பரில் எழுதி 2024 மார்ச்சில் அறிவித்த தீர்ப்பைப் பற்றியது இந்த மடல். உலோக உருக்காலையின் நச்சுப் புகையிலிருந்து அந்த மக்களின் உயிரையும் உடல்நலத்தையும் காக்க அரசு தவறிவிட்டது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. என்னென்ன செய்து சரிசெய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டது. அதை முழுதாகச் செய்யுங்கள், மாசைக் குறைக்கும் வேலைகளுக்கு இனி யாருக்கும் கால நீட்டிப்பு தராதீர்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

இதைத் தமிழில் படிக்கிறவர்களில் பலருக்கு அந்த ஊரின் பெயரே புதிதாக இருக்கும். லிமாவிலிருந்து கிழக்கே ஆண்டிஸ் மலையேறி, 4,800 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால் வருகிற சிறு தொழில் நகரம் அது. ஊரே 3,700 மீட்டருக்கு மேலேதான் இருக்கிறது. 1893-ல் ரயில் வந்தது. செரோ தெ பாஸ்கோவுக்கும் ஹுவான்காயோவுக்கும் காட்டுப் பக்கம் போகும் வழியிலுள்ள தார்மாவுக்கும் பிரியும் சாலைகள் இங்கேதான் சந்திக்கின்றன. அப்புறம் 1922-ல் அமெரிக்காவின் செரோ தெ பாஸ்கோ கார்ப்பரேஷன் இங்கே செம்பு உருக்காலையைத் தொடங்கியது. 1928-ல் ஈயம், 1952-ல் துத்தநாகம் என்று ஆலை வளர்ந்தது. மத்திய ஆண்டிஸின் தாது லேசான சரக்கு அல்ல. ஒரே கல்லில் செம்பு, ஈயம், வெள்ளி, பிஸ்மத், ஆர்செனிக், கேட்மியம் எல்லாம் கலந்திருக்கும். அதைப் பிரித்தெடுக்கத் தெரிந்த ஆலை உலகத்திலேயே சிலதான். அந்தத் திறமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. தலைமுறை தலைமுறையாக அந்த உலைகளுக்கு முன்னால் நின்று தொழில் கற்றவர்களின் பெருமை அது.

ஆனால் ஆலை தொடங்கிய சில வருடங்களிலேயே புகை தன் வேலையைக் காட்டிவிட்டது. சுற்றுவட்டார கிராமங்களின் மேய்ச்சல் நிலம் கருகியது, ஆடுமாடுகள் செத்தன. மக்கள் நஷ்டஈடு கேட்டார்கள். கம்பெனி என்ன செய்தது தெரியுமா? கெட்டுப்போன நிலங்களை வாங்கிப் போட்டது. பின்னால் புகைபோக்கியில் தூசியைப் பிடிக்கும் கருவிகளைப் பொருத்தியதும் புல் மெல்லத் திரும்பி வந்தது. அந்த நிலங்களில் கம்பெனியே பெரிய செம்மறியாட்டுப் பண்ணை நடத்தி, ஹுனின் என்ற புது செம்மறி இனத்தையே உருவாக்கியது. கெடுத்தவன் கைக்கே நிலம் போன இந்தக் கதை நூறு வருடங்களுக்கு முந்தையது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தூசியைப் பிடிக்க முடியும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. தெரியாமல் நடந்தது என்று அதற்குப் பிறகு வந்த எந்த அரசாலும் சொல்ல முடியாது.

1974-ல் ஆலை நாட்டுடைமை ஆனது. பெயர் சென்ட்ரோமின் என்று மாறியது, புகை மாறவில்லை. 1997-ல் தோ ரன் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றீர்கள். மாசைக் குறைக்கும் வேலைகளை முடிக்க நிறுவனத்துக்குப் பத்து வருடக் கெடு இருந்தது. அவற்றில் பெரிய வேலை கந்தக அமில ஆலை. உலையிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு வாயுவைக் காற்றில் விடாமல் பிடித்து அமிலமாக்குவது அதன் பணி. செம்புப் பிரிவுக்கான அமில ஆலை முடியவில்லை. 2006-ல் ஏறக்குறைய மூன்று வருடம் நீட்டிப்பு கொடுத்தீர்கள். 2009-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு மேலும் 30 மாதம் கொடுத்தது. நிறுவனத்தின் கையில் பணமில்லாமல் உலைகள் அதற்குள் அணைந்தேவிட்டன.

இந்த நீட்டிப்புகளை ஒரு குழந்தையின் வயதோடு வைத்துப் பாருங்கள். ஆலை கைமாறிய 1997-ல் பிறந்த குழந்தைக்கு 1999-ல் இரண்டு வயது. அந்த வருடம்தான் சுகாதார அமைச்சகமே லா ஒரோயா குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தது. டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஈயம்தான் அன்றைய எல்லை. சோதித்த குழந்தைகளில் சுமார் 99 சதவீதம் பேர் அதைத் தாண்டியிருந்தார்கள். சராசரியே 33.6. முதல் கெடு முடிகிற 2006-ல் அந்தக் குழந்தைக்கு ஒன்பது வயது. இரண்டாவது கெடுவில் பன்னிரண்டு. மூளை வேகமாக வளர்கிற வருடங்கள் அத்தனையும் அதற்குள் போய்விட்டன. அதைத் திருப்பித் தர எந்தச் சட்டத்தாலும் முடியாது. 10 என்ற அந்த எல்லையே தவறு, குழந்தைக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்றுமே இல்லை என்று மருத்துவ உலகம் பிறகு ஒத்துக்கொண்டது. அமெரிக்காவில் இன்று கவனிக்கத் தொடங்கும் அளவு 3.5.

மந்தாரோ ஆற்றின் ஒரு கரையில் ஆலை, எதிர்க்கரையில் பழைய ஊர். 160 மீட்டருக்கு மேல் உயரமான புகைபோக்கியை அங்கே எந்தச் சந்திலிருந்து நிமிர்ந்தாலும் பார்க்கலாம். சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளில் புல் பூண்டு இல்லாமல் அமிலம் அரித்து வெளுத்துக் கிடக்கிறது. அந்தப் பழைய ஊரின் சின்னக் குழந்தைகளைக் காலையில் பஸ்ஸில் ஏற்றி, சற்றுத் தள்ளி காற்று கொஞ்சம் நன்றாக இருக்கும் காசராக்ராவில் பகல் முழுக்க வைத்திருந்து, மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடும் ஏற்பாடு ஒன்று இருந்தது. இரவு அதே வீடு, அதே தரை, அதே தூசி. கையைக் கழுவு, தரையை ஈரத்துணியால் துடை என்று தாய்மாருக்குப் பாடம் நடத்தினார்கள். பாடத்தில் தவறில்லை, கை கழுவத்தான் வேண்டும். ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் செய்ய வேண்டிய வேலையை இந்தப் பக்கத்துத் தாயின் தலையில் கட்டியது நியாயமே இல்லை.

2006 மே மாதத்தில் உங்கள் நாட்டு அரசியல் சாசன நீதிமன்றமே, முப்பது நாளில் அவசர மருத்துவத் திட்டம் ஏற்படுத்துங்கள் என்று உத்தரவிட்டது. அது ஒழுங்காக நடந்திருந்தால் அந்த மக்கள் நாட்டுக்கு வெளியே போய் நியாயம் கேட்டிருக்க வேண்டியதே இல்லை. இந்த வழக்கில் பாதிக்கப்பட்டவர்கள் என்று நீதிமன்றம் ஏற்றது 80 பேரை. அவர்களில் பலர் சொந்தப் பெயரை மறைத்து, புனைபெயரும் எண்ணுமாகத்தான் தீர்ப்பில் வருகிறார்கள். காரணம் அந்த ஊரின் நிலைமை. ஆலைதான் எல்லாருக்கும் சோறு. சம்பளம் வாங்குகிறவரும் வழக்குப் போட்டவரும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். உடல்நலத்தைப் பற்றிப் பேசியவர்கள் ஊருக்குத் துரோகிகள் ஆனார்கள், மிரட்டப்பட்டார்கள். வேலையா உயிரா என்ற கேள்வியை அந்த ஏழைகள் உண்டாக்கவில்லை. அமில ஆலை நேரத்துக்கு எழுந்திருந்தால் அந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது. ஒவ்வொரு நீட்டிப்பிலும் உங்கள் அரசு போட்ட கையெழுத்துதான் அவர்களை ஒருவருக்கு ஒருவர் எதிராக நிறுத்தியது.

இப்போது முன்னாள் தொழிலாளர்களே சேர்ந்து ஆலையை எடுத்து, 2023-ல் மறுபடி இயக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நிலுவைச் சம்பளத்துக்கு ஈடாக ஆலையே கையில் வந்தவர்கள் அவர்கள். பழைய இயந்திரங்கள் அவர்கள் தோளில் விழுந்திருக்கின்றன. நான் ஆலையை மூடச் சொல்லவில்லை. சுத்தமாக ஓட வழி செய்யுங்கள் என்கிறேன். கந்தக டை ஆக்சைடுக்கான ஒரு நாள் சராசரி எல்லையை 2017-ல் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 20 மைக்ரோகிராமிலிருந்து 250-க்குத் தளர்த்தினீர்கள். காற்றின் தர அளவுகளைத் திருத்தச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. முதலில் அதைச் செய்யுங்கள், அதற்கு ஒரு செங்கல்கூட வாங்க வேண்டியதில்லை. அமில ஆலைக்கும் புகை வடிகட்டிகளுக்கும் முதலீடு தேவை. ஆலையை விற்றதும் நீட்டிப்பு கொடுத்ததும் அரசு. அந்தச் செலவில் பங்கு எடுக்க வேண்டியதும் அரசுதான்.

உலை அணைந்திருந்த வருடங்களிலும் ஊர் சுத்தமாகிவிடவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஈயம் ஆவியாகிப் போகாது, மக்காது. தொண்ணூறு வருடத் தூசி மண்ணிலும் கூரையிலும் சுவர் இடுக்கிலும் இருக்கிறது. உடம்புக்குள் போன ஈயத்தை எலும்பு கால்சியம் என்று நம்பிப் பல வருடம் சேர்த்து வைத்துக்கொள்ளும். பெண் கருவுறும்போது அது கரைந்து ரத்தத்தில் இறங்கி வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். 1999-ல் சோதித்த சிறுமிகள் இன்று தாய்மார்கள். அதனால் மருத்துவக் கண்காணிப்பை 80 பேரோடு நிறுத்தாதீர்கள், ஊரின் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ரத்தப் பரிசோதனை வழக்கமாக நடக்கட்டும். முடிவு அந்தந்தக் குடும்பத்தின் கைக்கு வரட்டும். மண்ணைத் தெருத் தெருவாக அளந்து, பழைய ஊரிலிருந்து தொடங்கிச் சுத்தம் செய்யுங்கள். வேறு இடம் போக விரும்புகிறவர்களுக்கு வீடு கொடுங்கள். விரும்பாதவர்களைத் துரத்தாதீர்கள், அவர்களுக்கு அது தாத்தா பாட்டி வாழ்ந்த ஊர்.

எந்த வேலை எந்த மாதத்துக்குள் முடியும், எந்த அதிகாரி பொறுப்பு, எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறது என்று ஒரு அட்டவணையை லா ஒரோயா நகராட்சி வாசலில் ஒட்டுங்கள். தேதிகளை ஊர் மக்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். ஒட்டிய பிறகு மாற்றாதீர்கள்.

இப்படிக்கு,
தூரத்திலிருந்து அந்த ஊரைக் கவனித்துவரும் ஒருவர்