முதலில் நாட்களை எண்ணு

அன்புள்ள கதிர்,

அம்மா மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று படித்ததும்தான் மனசு ஆறியது. அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்க வைக்கும் கிரீன் கார்டு கிடைத்து 5 வருடம் ஆகப்போகிறது, அந்நாட்டு சிட்டிசன்ஷிப் தேர்வுக்கு எதைப் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தேர்வைப் பற்றிக் கவலை இல்லை. ஊருக்கு வந்து அம்மாவோடு நீ இருந்தாயே, அந்த 7 மாதம்தான் உறுத்துகிறது.

இரண்டு தனித்தனி விதிகளை எல்லோரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். 5 வருடத்தில் 30 மாதமாவது அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் உள்ளே இருந்த கணக்கில்தான் சேரும். இதில் நீ தப்பித்துவிடுவாய். மற்றது, குடியிருப்பு அறுபடாமல் தொடர்வது. ஒரே பயணம் 6 மாதத்தைத் தாண்டினால் அறுந்துவிட்டது என்றே அதிகாரி எடுத்துக்கொள்வார். இல்லை என்று காட்டுவது உன் பொறுப்பு. வேலையை விடவில்லை, மனைவி பிள்ளைகள் அங்கேயே இருந்தார்கள், வாடகை மாதாமாதம் போனது என்று ஒவ்வொன்றுக்கும் காகிதம் வை. அந்த வருட வரியை 'நான்-ரெசிடென்ட்' (அமெரிக்காவில் குடியிருக்காதவர்) என்று போட்டிருந்தால் நீயே வாக்குமூலம் கொடுத்த மாதிரி. ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தால் பேச்சே இல்லை. திரும்பி வந்து 4 வருடமும் 1 நாளும் ஆகாமல் மனுப் போட முடியாது. நீண்ட நாள் வெளியே போகுமுன் வாங்கும் ரீஎன்ட்ரி பெர்மிட் (மறுநுழைவு அனுமதி) கிரீன் கார்டைத்தான் காப்பாற்றும், இந்தக் கணக்கை அல்ல.

5 வருடம் முடிவதற்கு 90 நாள் முன்பே என்-400 என்ற குடியுரிமை மனுப் படிவத்தைப் போடலாம். கார்டில் 'ரெசிடென்ட் சின்ஸ்' என்று இருக்கும் தேதியிலிருந்து எண்ணு. ஒரு நாள் முந்தினாலும் நிராகரிப்பார்கள், கட்டணமும் திரும்பாது. ஆன்லைனில் 710 டாலர், காகிதத்தில் 760. பயணத் தேதிகளை ஞாபகத்திலிருந்து எழுதாதே. பாஸ்போர்ட் முத்திரையையும் ஐ-94 பயணப் பதிவையும் பக்கத்தில் வைத்து நிரப்பு.

நம் ஆட்களுக்கென்றே உள்ள தலைவலி பெயர். கார்டில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை) என்றோ அப்பா பெயர் முன்னால் வந்தோ கிடந்தால், திருத்த இதைவிட நல்ல சமயம் இல்லை. படிவத்திலேயே புதுப் பெயரைக் கேட்கலாம். ஆனால் அப்போது கடைசியில் எடுக்கும் குடியுரிமை உறுதிமொழி நீதிமன்றத்தில்தான் நடக்கும், கொஞ்சம் தாமதமாகலாம்.

தேர்வு: 2025 அக்டோபர் 20 முதல் மனுப் போடுகிறவர்களுக்கு 128 கேள்விப் பட்டியல். 20 வரை கேட்பார்கள், 12 சரியாகச் சொன்னால் போதும். தவறினால் 60 முதல் 90 நாளுக்குள் இன்னொரு வாய்ப்பு உண்டு. உண்மையில் ஆள் தடுமாறுவது படிவத்தின் ஆமாம்-இல்லை கேள்விகளில். 'அலீஜன்ஸ்' (நாட்டுக்கு விசுவாசம்) என்றால் என்ன என்று அதிகாரி கேட்டால் உன் வார்த்தையில் சொல்லத் தெரிய வேண்டும்.

ஒன்றில் மட்டும் அலட்சியம் வேண்டாம். ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும்போது 'வாக்காளராகப் பதிய வேண்டுமா' என்று ஒரு கட்டம் வரும். சிட்டிசன் ஆவதற்கு முன் அதில் 'ஆமாம்' என்று குறித்தால், ஓட்டே போடாவிட்டாலும் பெரிய வம்பு.

உறுதிமொழி அன்று கிரீன் கார்டை வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருவார்கள். அரங்கை விட்டு வெளியே வருமுன் எழுத்துப்பிழை பார். அந்த நொடியிலிருந்து, 1955 குடியுரிமைச் சட்டம் 9ஆம் பிரிவின்படி, நீ இந்தியக் குடிமகன் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்தால் அபராதம். அமெரிக்கப் பாஸ்போர்ட், பழையதை ஒப்படைத்த சான்று, பிறகு ஓசிஐ (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) என்று வரிசையாகப் போக வேண்டும். அதனால் பொங்கலுக்கு டிக்கெட் போட்டுவிட்டு டிசம்பரில் உறுதிமொழி எடுக்காதே.

அப்பாவின் நஞ்சை வாரிசு வழியில் உனக்கு வருவதில் தடை இல்லை. பக்கத்து வயலை வாங்கிச் சேர்க்கும் ஆசை இருந்தால் அதைத்தான் மறக்க வேண்டும். ஓசிஐ வைத்திருப்பவர் விவசாய நிலம் வாங்க முடியாது. பெரியவளுக்கு 18 ஆக இன்னும் எத்தனை மாதம்? அதற்குள் நீ சிட்டிசன் ஆனால், கிரீன் கார்டோடு உன்னோடு வசிக்கும் அவளும் தானாகவே ஆகிவிடுவாள். தாண்டினால் தனி மனு, தனிக் கட்டணம்.

போய்வந்த தேதிகளையெல்லாம் எழுதி அனுப்பு, நானும் ஒருமுறை கூட்டிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
செல்வம்