செல்லோ வாசித்தவர் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில், பிசாசுக்கு ஆன்மாவை விற்ற அறிஞன் ஃபாஸ்ட்டின் கதையைச் சொல்லும் பொம்மலாட்டத்துக்கு வந்த விமர்சனத்தைப் படித்தேன். ஒரே ஆள் இத்தனை பொம்மைகளை ஆட்டி, அத்தனைக்கும் குரலும் கொடுத்ததை உங்கள் விமர்சகர் வாயாரப் பாராட்டியிருக்கிறார். சரி, எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் கடைசிப் பத்தியில் 'பின்னணி இசையும் பொருத்தம்' என்று மூன்றே சொல்லில் முடித்துவிட்டாரே, அதைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் இரண்டாவது வரிசையில், அந்த இசையைச் செல்லோவில், அதாவது பெரிய வயலின் போன்ற வாத்தியத்தில், வாசித்தவருக்கு நேர் எதிரே இருந்தேன். ஒப்பந்தக் காட்சியை மட்டும் சொல்கிறேன். ஆட்டுபவரின் வலக்கையில் ஃபாஸ்ட், இடக்கையில் பிசாசு மெஃபிஸ்டோ, ரத்தத்தில் கையெழுத்துப் போடக் காகிதம் வேண்டும், அதைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? பல்லில் கவ்விக்கொண்டார். வாய் அடைபட்டாயிற்று, இனி யாருக்கும் குரல் கிடையாது. ஃபாஸ்ட் தலையைத் தூக்கி ஏதோ கேட்பதுபோல் பார்க்கிறான், செல்லோவின் தடித்த தந்தியில் வில் மெதுவாக இழுபடுகிறது, அந்த இழுப்புக்குத் தக்கபடி மெஃபிஸ்டோவின் தலை சாய்கிறது. பதில் கிடைத்துவிட்டது. வில் நின்ற பிறகுதான் பேனா காகிதத்தைத் தொட்டது. இது பின்னணி என்றால் முன்னணி எது?

அப்புறம், ஒரு பொம்மையைக் கழற்றி அடுத்ததில் கை நுழைக்கச் சில நொடியாவது ஆகும். அந்த நொடிகளில் வாசித்தவர் இசைத்தாளைப் பார்க்கவே இல்லை, கண் முழுக்க ஆட்டுபவரின் மணிக்கட்டில். விரல்கள் உள்ளே போய்ச் சேரும்வரை மெட்டை இழுத்துப் பிடித்தார், சேர்ந்ததும் விட்டார்.

ஜப்பானின் மரபுப் பொம்மலாட்டமான புன்ராக்குவில் முக்கியமான பொம்மை ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர், தலைக்கும் வலக்கைக்கும் ஒருவர், இடக்கைக்கு ஒருவர், கால்களுக்கு ஒருவர். அத்தனை பேர் இருந்தும், கதை சொல்பவரும் சாமிசென் என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவரும் ஒளிந்துகொள்வதில்லை, பக்கத்தில் தனி மேடை போட்டு எல்லோர் கண்ணிலும் படும்படி உட்காருகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பெரிய நாடகத்தைப் பொம்மைகளிடம் கொடுத்தது துணிச்சல் என்று உங்கள் விமர்சகர் எழுதியிருக்கிறார். ஃபாஸ்ட் கதையை வைத்து ஆங்கில நாடகாசிரியர் மார்லோ எழுதிய நாடகம் ஆங்கில நாடகக் குழுக்களோடு ஜெர்மனிக்குப் போய், அங்கே பொம்மலாட்டமாகிப் பல தலைமுறை ஆடியது. ஜெர்மன் கவிஞர் கதே சிறு வயதிலேயே இந்தக் கதையைப் பொம்மலாட்டமாக அறிந்தவர், அவருடைய 'ஃபாஸ்ட்' நாடகத்தின் முதல் பாகம் அச்சில் வந்ததே 1808-ல்தான். பொம்மைகளுக்கு இது தாய்வீடு, அங்கே போவதற்கு என்ன துணிச்சல் வேண்டும்?

போகட்டும். நான் கேட்பது ஒன்றுதான், அடுத்த இதழில் அந்தச் செல்லோக்காரரின் பெயரை ஒரு வரி போடுங்கள். ஆட்டுபவரின் பெயர் மூன்று இடத்தில் வந்திருக்கிறது, இவருடையது ஓரிடத்திலும் இல்லை. படத்திலும் ஆளை வெட்டிவிட்டீர்கள், வலது ஓரத்தில் வில்லின் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்