பனிக்காலத்தில் ஸ்னோடனுக்கு ஆள் சேர்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டனில் தமிழ்ச் சங்கங்கள், மாணவர் அமைப்புகள், வாட்ஸாப் குழுக்கள் வழியாக மலைப் பயணம் ஏற்பாடு செய்யும் அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம்.

அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்ததும் ஸ்னோடன் மலைப் பயண அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடும். பனி மூடிய உச்சியின் படம், வேன் கிளம்பும் நேரம், ஆளுக்கு எவ்வளவு என்ற கணக்கு, கடைசியில் ஒரு வரி: "ட்ரெயின் போற மலைதான், யார் வேணும்னாலும் ஏறலாம்." அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கோடையில் அந்த வரியைப் பெரிய பொய் என்று சொல்ல மாட்டேன். ஸ்னோடன் வேல்ஸின் உயரமான மலை, 1,085 மீட்டர். (தேசியப் பூங்கா நிர்வாகம் 2022 முதல் யர் வித்வா என்ற வேல்ஸ் பெயரையே பயன்படுத்துகிறது. வானிலை அறிவிப்பில் தேடும்போது இரண்டு பெயரும் தெரிந்திருப்பது நல்லது.) 1896 முதல் ரயில் ஓடுகிறது. லான்பெரிஸ் ஊரிலிருந்து தண்டவாளத்தை ஒட்டியே போகும் பாதையில் ஏறி இறங்க ஏறக்குறைய 14 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் ஆறு மணி நேரம். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரைக்குக்கூட வெளிச்சம் இருக்கும். பிரியாணிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய் உச்சியில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தவர்கள் நம் ஆட்களில் நிறையப் பேர். நல்ல விஷயம்தான், தாளையும் எலும்பையும் திரும்பக் கொண்டுவந்தால்.

கோடையிலும் ஒரே ஓர் இடத்தில் கவனம் வேண்டும். பென்-அ-பாஸ் என்ற இடத்திலிருந்து பிக் ட்ராக் என்ற பாதையில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஒரு கணவாய் வரும். அங்கே வலப்பக்கம் மேலே பிரிவது கிரிப் கோக் மலைமுகட்டுக்குப் போகும் வழி. முன்னால் போகிறவர்களைப் பார்த்து அப்படியே பின்னால் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. கையும் காலும் ஊன்றி ஏறும் ஸ்க்ராம்பிளிங் அது. தரவரிசையில் கிரேடு 1 என்று போட்டிருப்பார்கள், அதாவது இருப்பதிலேயே சுலபமானது. ஆனால் பிடிமானம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது, கை நழுவினால் எவ்வளவு தூரம் விழுவோம் என்பதை அது சொல்லாது. 923 மீட்டர் உயரத்தில், இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் ஒடுங்கிய முகடு. போதாததற்கு பிரிட்டனிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று: ஆண்டுக்கு 4,400 மில்லிமீட்டருக்கு மேல், சென்னையில் பெய்வதைப் போல மூன்று மடங்கு. காய்ந்த பாறை, காற்றில்லாத நாள், உயரத்தைக் கண்டு பயப்படாத நாலைந்து பேர், வழி தெரிந்த ஒருவர் என்றால் அருமையான அனுபவம். முப்பது பேரை வரிசையாகக் கூட்டிப்போகும் இடம் அது இல்லை.

சரி, பனிக்காலத்துக்கு வருவோம். ஒரே மலை, ஒரே பாதை, படத்தில் மட்டும் வெள்ளை கூடியிருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதையே இருக்காது என்பதுதான் விஷயம். லான்பெரிஸ் பாதையின் மேல்பகுதியில், கிளாக்வின் ரயில் நிலையத்தைத் தாண்டியபின், காற்று அள்ளிக்கொண்டு வரும் பனி தண்டவாளத்தையும் பாதையையும் சேர்த்து மூடிவிடும். கோடையில் தட்டையாக இருந்த இடம் ஒரே சாய்வாக மாறிவிடும். இரவில் அது உறைந்தால் கண்ணாடிதான். சாய்வு போகப்போகச் செங்குத்தாகி, கீழே கிளாக்வின் கோக் என்ற பாறைச்சரிவில் முடிகிறது. அங்கே வழுக்கியவர்கள் பலர் உயிரோடு திரும்பவில்லை. 'சுலபமான பாதை' என்று பெயரெடுத்த வழியில் இருக்கும் இடம் இது. பிக் ட்ராக்கிலும், அதே பென்-அ-பாஸிலிருந்து ஏறும் மைனர்ஸ் ட்ராக் பாதையிலும் உச்சிக்குச் சற்று முன்னால் வரும் வளைந்து வளைந்து ஏறும் பகுதிக்கும் இதே கதிதான்.

ஆன்லைனில் வாங்கி ஷூவுக்கு மேல் மாட்டும் மைக்ரோ ஸ்பைக்ஸ் இந்தச் சாய்வில் போதாது. சமதளத்தில் உறைந்த பாதைக்கு அது சரி. இங்கே வேண்டியது விறைப்பான பூட்ஸ், அதற்குப் பொருந்தும் கிராம்பான் (அடியில் மாட்டும் கூர்முள் சட்டம்), ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி). அதைவிட முக்கியம், சறுக்கத் தொடங்கிய முதல் நொடிகளிலேயே ஆக்ஸைக் குத்தி நிறுத்தும் பழக்கம். வாடகைக்கு எடுத்து முதுகில் தொங்கவிட்டால் போட்டோவுக்கு மட்டும் உதவும்.

நேரக் கணக்கையும் பாருங்கள். காலை 5 மணிக்கு லண்டனில் கிளம்பினாலும், யாராவது ஒருவர் தாமதமாக வருவார், வழியில் டீ, கழிப்பறை. மலையடிவாரத்தில் கால் வைக்கும்போது மணி 11 ஆகிவிடும். டிசம்பரில் 4 மணிக்குப் பொழுது அடைகிறது. பனியில் நடை இன்னும் மெதுவாகும். ஆக, இறக்கத்தில் பாதி தூரம் இருட்டில் என்பது கிளம்பும்போதே முடிவான விஷயம். செல்போன் டார்ச்சை நம்ப முடியாது, குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும். கீழே 5 டிகிரி என்றால் உச்சியில் உறைநிலைக்குக் கீழே, காற்று தனிக்கணக்கு. குளிர்காலத்தில் உச்சிக்கு ரயிலும் வராது, மேலேயுள்ள கட்டடமும் பூட்டியிருக்கும். ஜீன்ஸ் நனைந்தபின் ஒதுங்க இடமே கிடையாது.

இதெல்லாம் உங்களில் பலருக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் ஏறுகிறோம் என்பதைத்தான் நான் யோசித்துப் பார்த்தேன். பணம் வாங்கியாயிற்று, வேன் பேசியாயிற்று, ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகள் பனியைப் பார்க்க ஆசையாக நிற்கிறார்கள். அந்த நேரத்தில் "இன்றைக்கு வேண்டாம், திரும்புவோம்" என்று சொல்ல ஒருங்கிணைப்பாளருக்கு வாய் வராது. அதனால் அதை மலையடிவாரத்தில் சொல்லும்படி வைத்துக்கொள்ளாதீர்கள், அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். உச்சிக்குப் போவது உறுதி இல்லை, முந்தைய நாள் மலை வானிலை அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு, கட்டணம் பயணத்துக்கு மட்டும். இப்படி எழுதினால் ஆள் குறையும். குறையட்டுமே.

மாற்றிடமும் சேர்த்தே எழுதுங்கள். பென்-அ-பாஸிலிருந்து மைனர்ஸ் ட்ராக்கில் லின் லிடாவ் ஏரிவரை அகலமான பாதை, பழைய தாமிரச் சுரங்கத்துக்காகப் போட்டது. கரையில் நின்று சுற்றிலும் பனிமுகடுகளைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பலாம். பக்கத்தில் கும் இட்வால் ஏரி இருக்கிறது, அதையும் சுற்றி வரலாம். அங்கேயும் உறைந்த கல் வழுக்கும், ஆனால் பிழை செய்தால் முட்டியில் அடிபடும், அவ்வளவுதான். உச்சிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் இருந்தால் சின்னக் குழுவாக, காசு கொடுத்து வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளட்டும். அவரிடம் குளிர்காலத்துக்கான மலை வழிகாட்டித் தகுதி தனியாக இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கோடைக்கால மவுண்டன் லீடர் சான்றிதழ் பனிக்குச் செல்லாது.

அப்புறம், புறப்படும் முன் எல்லோருடைய போனிலும் ஒரு வேலை: 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பதிவு செய்துவிட்டால், பேச்சுக்குச் சிக்னல் போதாத இடத்திலிருந்தும் செய்தி அனுப்பி உதவி கேட்க முடியும். அழைத்துப் பேசும்போது முதலில் போலீஸ், அவர்களிடம் மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேட்க வேண்டும். விசில் இருந்தால் நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி. பணம் கேட்பார்களோ, விசாவில் சிக்கல் வருமோ என்று பயந்து யாரும் தாமதிக்க வேண்டாம், மீட்புக்குக் கட்டணம் கிடையாது. வருகிறவர்கள் லான்பெரிஸ் மீட்புக் குழுவின் தன்னார்வலர்கள். சம்பளம் வாங்காமல், தங்கள் வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு வருகிறவர்கள்.

அன்புடன்,
உங்கள் குழுக்களில் பல வருடமாக இருக்கும் ஒருவன்