தொட்டியை இன்று கொடுங்கள், உயிரை ஒரு மாதம் கழித்துக் கொடுங்கள்

சென்னையில் வண்ண மீன் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்களில் ஒருவர் கடையில் மண்புழு வாங்க நின்றிருந்தேன். ஒரு சின்னப் பையனும் அவன் அப்பாவும் இரண்டடித் தொட்டி, பில்டர், ஒரு மூட்டைக் கலர் கல், பாலித்தீன் பையில் ஓர் இளஞ்சிவப்பு ஆக்சலாட்டல் (மீன் மாதிரி தண்ணீரிலேயே வாழும், நாலு காலும் வாலும் உள்ள பிராணி), எல்லாவற்றையும் ஒரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். "தண்ணி ஊத்தி ரெண்டு சொட்டு ஆன்டி குளோரின் விடுங்க சார், சாயங்காலமே விட்டுடலாம்" என்று கடையில் சொல்லி அனுப்பினார்கள். போன வருடம் மே மாதம் எனக்கும் இதையேதான் சொன்னார்கள். அது வேறு கடை. பெயர் வேண்டாம்.

புதுத் தொட்டியில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. கழிவிலிருந்து அம்மோனியா வரும், அது விஷம். அதை நைட்ரைட்டாக்கி (அதுவும் விஷம்தான்), பிறகு ஆபத்துக் குறைந்த நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா பில்டர் பஞ்சில் குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். உங்கள் கடைத் தொட்டிகளில் ஓடிப் பழகிய பஞ்சைத்தானே போட்டுக்கொள்கிறீர்கள்? வாங்க வருகிறவனிடம் மட்டும் ஏன் அந்த ரகசியம்?

எங்கள் ஆக்சலாட்டல் வாலு (மகள் வைத்த பெயர்) வந்த மூன்றாம் நாள் அதன் செவுள் இறகுகள் முன்பக்கமாக வளைந்தன. வால் நுனி சுருண்டது. புழுவைத் திரும்பியும் பார்க்கவில்லை. இடம் மாறினால் சில நாள் சாப்பிடாமல் இருக்கும் என்பது உண்மைதான், அதனால்தான் ஏமாந்தோம். ஐந்தாம் நாள் டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தால் மஞ்சளாக இருக்க வேண்டிய அம்மோனியாக் குழாய் கரும்பச்சையாக இருந்தது. கடைக்குப் போன் செய்தேன். "நீல மருந்து போடுங்க, கல் உப்பு போடுங்க." தண்ணீரை மாற்றச் சொல்லக்கூட ஒரு வார்த்தை வரவில்லை. தோலாலும் மூச்சு விடுகிற உயிர் அது அண்ணே, போடுகிற மருந்து தோல் வழியாகவும் உள்ளே போகும்.

அப்புறம் 38 நாள் வாலு எங்கள் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் குடியிருந்தது. தினமும் முழுத் தண்ணீரையும் மாற்ற வேண்டும். அதற்கு வேண்டியது 16 முதல் 18 டிகிரி, 24ஐத் தாண்டினாலே தவித்துப்போகும். எங்கள் குழாயில் வந்தது 31. முந்தின இரவே தண்ணீர் பிடித்து, குளோரின் எடுத்து, பாதியை ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் கலந்து, வெப்பமானி பார்த்து ஊற்றுவேன். இரவு 12க்கும் 3க்கும் 6க்கும் அலாரம் வைத்து ஐஸ் பாட்டில் மாற்றினேன். கரண்ட் போன இரவுகளில் அந்த ஐஸும் இல்லை. "எனக்குக்கூட இந்த வீட்டுல இப்படி ஐஸ் தண்ணி குடுத்ததில்ல" என்றார் என் மாமியார். இதற்கிடையில் ஹாலில் காலித் தொட்டிக்கு, அந்த பாக்டீரியா வளர, அளந்து அளந்து அம்மோனியா ஊட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் மீன் எங்கே என்று கேட்டார்கள். ஊற்றிய 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா 24 மணி நேரத்தில் நைட்ரைட்டும் மிஞ்சாமல் காணாமல்போன அன்றுதான் வாலுவை உள்ளே விட்டோம். அதற்குள் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் மெஷினும் ஒன்று வாங்கியாகிவிட்டது. அதன் விலையையும் தொட்டி விற்கும்போது யாரும் சொல்லவில்லை.

நீங்கள் கொடுத்த கலர் கல்லை மொட்டை மாடியில் கொட்டிவிட்டேன். இரையை வாயால் உறிஞ்சி விழுங்கும் பிராணிக்குக் கல் கொடுத்தால் அதையும் சேர்த்து விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். அதற்கு இமை கிடையாது, ஆனால் தொட்டியோடு சேர்த்து நீங்கள் கொடுத்தது கண்ணைப் பறிக்கும் எல்இடி விளக்கு. இப்போது ஒரு மண் குழாய்க்குள் இருட்டில் நிம்மதியாகக் கிடக்கிறது.

2021இல் மைன்கிராஃப்ட் விளையாட்டில் வந்ததிலிருந்து பிள்ளைகள் கேட்கிறார்கள், நீங்கள் விற்கிறீர்கள். அதன் சொந்த ஊரான மெக்சிகோவின் சோச்சிமில்கோவில் 1998இல் சதுர கிலோமீட்டருக்கு 6000 இருந்தவை 2014 கணக்கில் வெறும் 36. அந்த நாடு அதை 50 பேசோ நோட்டில் அச்சடித்திருக்கிறது. உங்கள் பில்லில் "கலர் மீன் 1" என்று எழுதியிருக்கிறது. அது மீனே இல்லை! வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள சலமாண்டர், தவளை மாதிரி நீர்நில வாழ்வி. இப்படிப்பட்ட உயிர்களை வளர்ப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய 2024இல் விதியே வந்துவிட்டது. "கலர் மீன் 1" என்ற பில்லை வைத்துக்கொண்டு நான் எதைப் பதிவு செய்வது?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். கேட்க வந்தது ஒன்றுதான். தொட்டியையும் உயிரையும் ஒரே நாளில் விற்காதீர்கள். அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். தொட்டி, டெஸ்ட் கிட், உங்கள் கடையில் ஓடிய பழைய பஞ்சுத் துண்டு, எல்லாவற்றுக்கும் காசு வாங்கிக்கொள்ளுங்கள். உயிரை மட்டும் ஒரு மாதம் கழித்து, தண்ணீர் தேறியதைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். உங்களுக்கு ஒரு ரூபாய் நட்டமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பில்லில் பையனுடைய அப்பாவின் போன் நம்பர் இருக்கும். தயவுசெய்து இன்றே கூப்பிட்டு, ஒரு டப் வாங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மண்புழு வாங்க மட்டும் இப்போது உங்கள் கடைக்கு வருகிறவன்