ஏற்காடு ஏறும் முன் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை வந்துவிட்டால் ஏற்காடு மலைப்பாதையில் பானட்டைத் தூக்கி வைத்து நிற்கும் கார்களைப் பார்க்காமல் மேலே போக முடியாது. வெயில், ஏசி, அதிக பாரம் என்று காரணம் சொல்வார்கள். கூலிங் சிஸ்டம் ஒழுங்காக உள்ள வண்டிக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளும் பெரிய காரியமில்லை. வழியில் கொதித்து நிற்பவற்றில் பல, அடிவாரத்துக்கு வரும் முன்பே எங்கோ சொட்டிக்கொண்டிருந்தவை. அப்படிச் சொட்டும் இடங்களில் அதிகம் கண்ணில் படாதது தெர்மோஸ்டாட் ஹவுசிங். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டை, சூடு ஏறியதும் திறந்து ரேடியேட்டருக்கு விடும் வால்வுதான் தெர்மோஸ்டாட், அது உட்காரும் கூடுதான் ஹவுசிங்.

ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டே போனால், அது இன்ஜினில் சேரும் இடத்தில் இருப்பதுதான் பெரும்பாலான வண்டிகளில் இந்த ஹவுசிங். சில இன்ஜின்களில் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். இப்போது வரும் பலவும் பிளாஸ்டிக். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சில வருடங்களில் மொறுமொறுப்பாகி போல்ட் காதிலோ ஹோஸ் ஏறும் கழுத்திலோ மயிரிழை விரிசல் விழும். அலுமினியமாக இருந்தால் கேஸ்கெட்டுக்கு அடியில் அரித்துக் குழி விழும். இணைப்பைச் சுற்றி வெள்ளையாகவோ, பச்சை, இளஞ்சிவப்பு நிறத்திலோ காய்ந்த படிவு, வண்டியை நிறுத்தியதும் இனிப்பான ஒரு வாடை, ரிசர்வ் டேங்கில் வாரத்துக்கு வாரம் இறங்கும் அளவு: இவைதான் அடையாளம். தரையில் சொட்டு விழவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். சூடான இன்ஜின் மேல் விழுவது அங்கேயே ஆவியாகிவிடும். இணைப்பில் வைக்கும் ரப்பர் வளையமான ஓரிங் இறுகிப் போயிருந்தால் காலையில் ஆறிய நிலையில் மட்டும் கசியும், சூடானதும் நின்றுவிடும். விரிசல் இதற்கு நேர்மாறு.

சின்னக் கசிவுதானே என்று விடுவதில்தான் ஆபத்து. ரேடியேட்டர் மூடி 0.9 அல்லது 1.1 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால்தான் உள்ளே இருக்கும் கூலண்ட் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ஹவுசிங் கசிந்தால், கேஸ்கெட் போன குக்கர் மாதிரி, அழுத்தம் நிற்காது. வெறும் தண்ணீர் சேலத்தில் 99 டிகிரியில் கொதிக்கும், 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். முதல், இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும்போது எதிர்க்காற்றும் கிடைக்காது. மேலே போகப் போகத் தாங்கும் சக்தி குறைவதற்கு இதுதான் காரணம்.

இதற்கு நம் ஊரில் செய்யப்படும் வைத்தியம் இரண்டு. ஒன்று, எம்-சீல் வைத்து அப்புவது. எண்ணெயும் கூலண்டும் ஊறிய பிளாஸ்டிக்கில் அது பிடிக்காது, பிடித்தாலும் முதல் ஏற்றத்தில் விட்டுவிடும். மற்றது, தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிவது. இதை அனுபவஸ்தர்களே சிபாரிசு செய்வதுதான் வருத்தம். இன்ஜின் வேலை செய்யும் சூட்டுக்கு வராது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் கரி வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளத் தடுமாறும். ரேடியேட்டரைத் தொடாமல் சுற்றும் பைபாஸ் வழியை தெர்மோஸ்டாட்டே அடைத்துக் கொடுக்கும் இன்ஜின்களில் அதைக் கழற்றினால் பைபாஸ் திறந்தே கிடக்கும். சுடுநீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது சூட்டை ஏற்றிவிடும்.

ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டு வாசலிலேயே அரை நாளில் புதிய ஹவுசிங் போட்டுவிடலாம். சேசிஸ் நம்பரைக் காட்டி ஹவுசிங் வாங்குங்கள். பலவற்றில் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்தே வரும். தனியாக இருந்தால் அதையும் ஓரிங்கையும் புதிதாக வாங்குவதே புத்திசாலித்தனம். தண்ணீர் சேர்த்த கூலண்ட் கலவை சின்ன பெட்ரோல் காருக்கு 4 லிட்டர் அளவிலும் பெரிய டீசல் வண்டிக்கு அதைவிட அதிகமாகவும் தேவைப்படும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் இல்லை. வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த வகை என்று போட்டிருக்கும்.

இன்ஜின் கைவைத்தால் சுடாத அளவுக்கு ஆற வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவது நல்லது. சூட்டோடு மூடியைத் திறந்தவர் முகம் வெந்துபோகும். எலெக்ட்ரிக் ஃபேன் தானாக ஓடாமலிருக்க பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரின் கீழ்த் திருகைத் திறந்து, ஹவுசிங் மட்டத்துக்குக் கீழே இறங்கும் வரை வடியுங்கள். ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் முறுக்கி எடுக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டு நெம்பினால் கழுத்தோ ஹோஸோ கிழியும்.

இந்த வேலையில் உண்மையில் பயப்பட வேண்டியது போல்ட்டுக்குத்தான். பெரும்பாலும் 10-ஆம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் எம்6 போல்ட். அலுமினிய ஹெட்டில் துருவேறி இறுகியிருக்கும். தம் பிடித்துத் திருகினால் தலை மட்டும் கையோடு வரும், பிறகு லேத்துக்காரரிடம்தான் போக வேண்டும். முந்தின இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வைத்து, கால் திருப்பு முன்னே, கால் திருப்பு பின்னே என்று ஆட்டி ஆட்டி எடுங்கள். போல்ட்களின் நீளம் வேறுபடலாம். ஓர் அட்டையில் ஓட்டை போட்டு, இருந்த வரிசையிலேயே குத்தி வையுங்கள். நீளமானதைத் தவறான துளையில் போட்டால் அடியில் முட்டி நிற்கும், ஹவுசிங் அழுந்தாமலே இறுகிவிட்டதாகத் தோன்றும்.

பழையதைக் கழற்றியதும் துவாரத்தில் துணியை அடைத்துவிட்டு, ஒட்டியிருக்கும் கேஸ்கெட்டை பிளாஸ்டிக் அல்லது மரத் தகட்டால் சுரண்டுங்கள். கிரைண்டரில் எமரி வைத்துத் தேய்த்தால் பள்ளம் விழுந்து புது ஹவுசிங்கும் கசியும். தெர்மோஸ்டாட்டின் ஸ்பிரிங்கும் மெழுகுக் குமிழும் இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். தட்டில் சின்னக் காற்றுத் துளை இருந்தால் அது மேலே வர வேண்டும். மாட்டும் முன் அதை நூலில் கட்டிச் சுடுநீரில் தொங்கவிட்டு, அதில் பொறித்திருக்கும் டிகிரியில் (82, 88 போல) திறக்கத் தொடங்குகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. ஓரிங்குக்குக் கூலண்ட் தடவினால் போதும். கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும். ஓரிங் உள்ள இடத்தில் சீலன்ட் கூடவே கூடாது, பிதுங்கும் துணுக்குகள் ரேடியேட்டர் குழாயை அடைக்கும். அடைத்த துணியை எடுத்துவிட்டு ஹவுசிங்கை வைத்து, எல்லா போல்ட்டையும் கையால் முடுக்கிய பிறகு, மாற்றி மாற்றி இறுக்குங்கள். எம்6 போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். புதுப் பிளாஸ்டிக் ஹவுசிங் ஒரே வாரத்தில் விரிசல் விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கை பலம்தான்.

ஹோஸை மாட்டி, கீழ்த் திருகை மூடி, பேட்டரியையும் இணைத்த பிறகு கூலண்ட் ஊற்றும்போது போர் தண்ணீர் வேண்டாம். மேக்னசைட் கிடைக்கும் ஊர் இது, நம் பாத்திரங்களில் படியும் வெள்ளை உப்பு ரேடியேட்டரிலும் படியும். டிஸ்டில்டு வாட்டரும் தண்ணீர் கலக்காத கூலண்டும் பாதிக்குப் பாதி. உறைபனியே இல்லாத ஊருக்குக் கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்கள், அது கொதிநிலையை உயர்த்துவதையும் துரு பிடிக்காமல் காப்பதையும் மறந்துவிடுகிறார்கள். மூக்கு மேலே இருக்கும்படி வண்டியைச் சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றுங்கள். காற்றுத் திருகு இருந்தால் குமிழ் நிற்கும் வரை திறந்து வையுங்கள். பிறகு மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை இன்ஜினை ஓடவிடுங்கள். உள்ளே காற்று தங்கினால் சென்சார் காற்றையே அளந்துகொண்டிருக்கும், இன்ஜின் வெந்தாலும் முள் ஏறாது. மறுநாள் ஆறிய பிறகு அளவைப் பார்த்து நிரப்புங்கள். அதற்கு முன் மலை ஏற வேண்டாம்.

வடித்த பழைய கூலண்டைச் சாக்கடையில் விடுவது வழக்கமாகிவிட்டது. அது பெரும்பாலும் எத்திலீன் கிளைகால், இனிக்கும். தெருநாயும் ஆடுமாடும் நக்கிக் குடித்தால் சிறுநீரகம் செயலிழந்து சாகும். பழைய ஆயிலை வாங்கிச் செல்ல ஆள் வருவதுபோல இதற்கும் ஓர் ஏற்பாடு தேவை. மாநகராட்சி, ஒர்க் ஷாப்புகள் நிறைந்த பகுதிகளிலாவது மூடியுள்ள டிரம் வைத்துச் சேகரிக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.